நெருப்புக் காலத்துத் தெருக் காவல்

1

இங்கே கோடை என்றால் மார்கழியும் தையும்தான், அதனால் புரட்டாதி பிறந்ததும் கடிதப் பெட்டிக்குள் ஒரு கடதாசித் துண்டு வந்து விழும். கோடை வருகிறது, நெருப்பு வரலாம், ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம், வீட்டுக்கு ஒருவராவது வரவும். ஏதோ மகளுக்குக் கலியாணம் என்பதுபோல அவ்வளவு மரியாதையாக எழுதியிருப்பார்கள். இந்த வருடத் துண்டை எடுத்துப் பார்த்த என் மனைவி பவளம், மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவள் அதைக் கவிழ்த்து வைத்ததற்குக் காரணம் போன கோடைக் காலத்துக் கதை. அதை ஊரில் உள்ள உங்களுக்கு எழுதினால் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் நினைக்கமாட்டீர்கள். பரவாயில்லை, இப்போதும் அப்படி நினைப்பவர்கள் குறைவுதான்.

ஊரில் நான் இஞ்சினியர். பாலம் கட்டியவன் என்று இங்கே சொல்லிக்கொள்வேன். உங்களுக்கு உண்மை தெரியும், மதகுதான் கட்டினேன். இங்கே சிட்னியில் ஒரு கவுன்சில் கந்தோரில் இருந்து மழைத்தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறுகிறேன். எங்களைப் போன்ற நிறத்துக்காரருக்கு இந்த நாடு கதவைத் திறந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. இலங்கைத் தமிழர் எல்லோரையும் கூட்டி இருத்தினாலும் ஒரு கலியாண வீட்டுப் பந்தி நிரம்பாது. அந்தக் கொஞ்சப் பேரும் புத்தியாகப் பிளாக்டவுனிலும் செவன் ஹில்ஸிலும் கிட்டக் கிட்ட வீடு வாங்கினார்கள். நான் மட்டும் மலையடிவாரத்தில், காட்டில் போய் முட்டி நிற்கிற ஒரு தெருவில் வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் முழுக்க யூக்கலிப்டஸ் மரம். இவ்வளவு மரமும் சும்மா கிடைக்கிறதே என்று எனக்கு ஒரே புளுகம். ஊரில் தடிமன் வந்தால் நெற்றியில் பூசுவோமே, அந்த எண்ணெய் முழுக்க இந்த இலைகளுக்குள்தான் இருக்கிறது, வெயில் காலத்தில் அது பற்றி எரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

சிவலிங்கம் அண்ணை மட்டும் சொன்னார். "உந்தக் காட்டுக்கை போய்க் கிடந்து என்ன செய்யப் போறீர்?" அவர் பவளத்தின் மூத்த தமையன். அவள் கூப்பிடுவதுபோல நானும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் கடதாசி அலுவல் எல்லாம் பார்த்து இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர். யாருக்காவது ஒன்று என்றால் முதலில் போய் நிற்பவரும் அவர்தான். பிள்ளைப்பேறு, ஒப்பரேஷன், வேலை போனது, கார் இடித்தது, எதுவானாலும் சோற்றுச் சட்டியோடு தன் மனைவி, எங்கள் மச்சாளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

2

போன வருடம் முதல் கூட்டத்துக்கு நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். கூட்டம் என்றால் கூட்டம்தானே. தகரக் கொட்டகைக்குள் மற்ற எல்லோரும் அரைக் காற்சட்டையோடு நின்றார்கள். நடுவில் பழைய இராணுவ லொறி ஒன்று, முதுகில் தண்ணீர்த் தாங்கி. அதற்குப் பக்கத்தில் ரெக்ஸ். எனக்கு முன்வீட்டுக்காரர், கிழமை நாட்களில் குழாய் பொருத்துபவர், நெருப்பு என்றால் இந்தத் தொண்டர் குழுவுக்குத் தலைவர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாமல் ஒருவன் நெருப்புக்குள் போவான் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அவர் வீட்டுக்கு வீடு வேலை பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குப் பம்பு, ஒருவருக்கு ஏணி. ஒரு வீட்டுக்கு ரெலிபோன்: அவர்கள் அடுத்த வீட்டுக்கு அடிக்க, அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு அடிக்கும். தெருவின் கடைசியில், காட்டோடு ஒட்டிய வீட்டில் டொரீன் என்று வயதான ஒரு மனுசி தனியே இருக்கிறார், இடுப்பு எலும்பு சரியில்லை. அவரைக் காரில் ஏற்ற இரண்டு பேர். இப்படியே வந்து என்னிடம் வந்ததும் ரெக்ஸ் கொஞ்சம் நின்றார். "நீங்கள் உங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மேற்" என்றார். மேற் என்றால் கூட்டாளி, இங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதின்மூன்று வயதுப் பையனுக்குக்கூட நெருப்பை அடிக்கச் சாக்கு நனைக்கிற வேலை கிடைத்திருக்கிறது! நான் எழுந்து, எனக்கும் தயவுசெய்து ஒரு வேலை தாருங்கள் என்று கேட்டேன். நேர்முகப் பரீட்சைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம், தடங்கல் இல்லாமல் வந்தது.

ரெக்ஸ் தலையைச் சொறிந்தார். பிறகு, "தெரு" என்றார். எங்கள் தெரு ஒடுக்கம். லொறி காட்டு முனை வரை போய், அங்குள்ள வட்டத்தில் திரும்பித்தான் வெளியே வரலாம். அந்த வட்டத்தில் ஒரு கார் நின்றாலும் போதும், போன லொறி திரும்பாது. நெருப்பு வந்தால் உள்ளே நிற்பவர்கள் வெந்து போவார்கள். ஆகவே நெருப்பு நாளில் தெருவில் ஒரு காரும் நிற்கக்கூடாது, வெளிக் கார் உள்ளே வரவும் கூடாது. "அது உங்கள் பொறுப்பு. உங்களை நம்பித்தான் நாங்கள் உள்ளே போவோம்."

பம்பும் இல்லை, ஏணியும் இல்லை, வெறும் தார் ரோட்டு. ஆனால் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் எனக்கு அது பெரிய உத்தியோகமாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை செவன் ஹில்ஸில் ஒரு பிறந்தநாள் வீடு. வந்திருந்த அத்தனை பேருக்கும் சொன்னேன், எங்கட தெரு என்ரை கையிலைதான் என்று.

"அப்பிடியே?" என்றார் சிவலிங்கம் அண்ணை. "அப்ப நெருப்பெண்டால் நாங்கள் வந்து பாக்கத்தானே வேணும்."

"கட்டாயம் வாங்கோ" என்றேன். வாங்கோ என்று சொல்லாமல் வேறு என்னத்தைச் சொல்வது?

3

ஆயத்தம் தொடங்கியது. கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிகளில் கிடக்கிற சருகை அள்ள வேண்டும். புல்லை ஒட்ட வெட்ட வேண்டும். நெருப்பு நாளில் பீலியின் குழாய் வாயைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். குளியல் தொட்டி, வாளி, சட்டி எல்லாவற்றிலும் தண்ணீர். ரெக்ஸ் ஆட்கள் குளிர்காலத்திலேயே தாங்களாகக் காட்டுக்கு நெருப்பு வைத்து, சருகை எரித்து அணைத்துவிடுகிறார்கள். முதல்முறை அதைப் பார்த்து நான் ரெக்ஸிடம் ஓடிப்போய் "நெருப்பு, நெருப்பு" என்றேன். அவர் கையில்தான் தீப்பந்தம் இருந்தது.

எங்கள் கூரையில் ஒரு மரக்கிளை சாய்ந்திருந்தது. அதை வெட்டச் சொன்னார். வெட்டுவதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். கவுன்சில் என்றால் என்னுடைய கந்தோர். நானே விண்ணப்பம் நிரப்பி, நானே கொண்டுபோய்ப் பக்கத்து அறையில் கொடுத்தேன். மரங்களுக்குப் பொறுப்பான மேசைக்காரர், வெட்டக்கூடாது என்று வீட்டு விலாசத்துக்குத் தபால் அனுப்பினார். நெருப்புக்குப் பொறுப்பான மேசைக்காரர், வெட்டாவிட்டால் தண்டம் என்று இன்னொரு தபால் அனுப்பினார். இரண்டு பேரும் என்னோடு ஒரே மேசையில் இருந்து மத்தியானம் சான்ட்விச் தின்கிறவர்கள். கேட்டால், கந்தோர் விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில் கதைக்கக்கூடாது என்றார்கள். கடைசியில் ஒருநாள் காற்று அடித்துக் கிளை தானாக முறிந்து விழுந்தது.

நைலோன் துணி உடம்போடு உருகி ஒட்டும், நெருப்பு நாளில் உடுக்கவே கூடாது என்று ரெக்ஸின் மனைவி வந்து பவளத்துக்குச் சொன்னார். பவளத்துக்கு அது பெரிய கவலையாகப் போய்விட்டது. "என்ரை நல்ல சீலை எல்லாம் நைலெக்ஸ். நாலு சனம் வந்து நிக்கிற நேரத்திலை நான் பழஞ்சீலையோடையே நிக்கிறது?"

நெருப்பு நாளில் நாலு சனம் எங்கிருந்து வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது எங்கள் இருவருக்கும் அவ்வளவு இயல்பான விஷயம்.

நானும் சும்மா இருக்கவில்லை. வேலைத்தலத்தில் போடும் மஞ்சள் தொப்பி ஒன்றைக் கந்தோரில் கேட்டு வாங்கினேன். பழைய சிவப்புச் சட்டைத் துணியில் கொடி தைத்தேன். பின்னேரங்களில் பெரிய ரோட்டோடு சேரும் தெரு முனையில் நின்று கொடி அசைத்துப் பழகினேன். பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள் வாசுகி தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டாள். அவளோடு இரண்டு சிநேகிதிகள்.

"பிள்ளை, அப்பான்ரை கொடி எப்பிடி?" என்றேன்.

"டாட், ப்ளீஸ். நொட் இன் ஃப்ரண்ட் ஒஃப் மை ஃப்ரெண்ட்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தால் போனாள். இப்போதெல்லாம் அவளிடம் தமிழில் கேட்கும் எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் வருகிறது.

4

நெருப்பு என்றால் எனக்கு என்ன தெரியும்? யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒழுங்கையில் ஒருமுறை ஒரு வீட்டுக் குசினி எரிந்தது. தண்ணீர் கொண்டுவந்தவர்களைவிடப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். நானும் பார்க்கத்தான் போனேன். எரிகிற குசினியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். வீட்டுக்காரி அழுதுகொண்டே பக்கத்து வீட்டு அடுப்பில் தேத்தண்ணி வைத்து எங்களுக்குத் தந்தாள். பிறகு ஒரு மாதம் வரை சனம் விசாரிக்க வந்தபடி. யார் யார் வந்தார்கள் என்பதை அவள் மறந்திருப்பாள். வராதவர்களை மறக்கவில்லை, அவர்களில் ஒருவர் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு அவள் போகவே இல்லை.

அங்கே நெருப்பு வந்த பிறகு ஆட்கள் வரவேண்டும். இங்கே நெருப்புக்கு முன் எல்லோரும் வந்து கூடிக் கதைத்துவிட்டு, நெருப்பு வந்ததும் விலகிப் போகவேண்டும். இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை, நானும் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தவில்லை.

5

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. காலையிலேயே மேற்குக் காற்று அடுப்பு வாயால் வருவதுபோல வந்தது. வெளியில் நெருப்பே மூட்டக்கூடாத நாள் என்று ரேடியோவில் அறிவித்தார்கள். மத்தியானம் அளவில் மலைப்பக்கம் புகை எழுந்தது. ரேடியோவில் எங்கள் இடத்தின் பெயரையும் சொன்னார்கள். கொட்டகைச் சங்கு ஊதியது. ரெக்ஸும் ஆட்களும் லொறியோடு அடுத்த மேட்டுப் பக்கம் போனார்கள்.

நான் தொப்பியும் கொடியுமாகத் தெரு முனையில் நின்றேன். ஒரு கார்கூட இல்லை. எனக்கே என்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் வாசுகி ஓடி வந்தாள். பவளம் வீட்டுப் பின்பக்கத்தில் ஏணியில் நின்று பீலிக்குத் தண்ணீர் விடுகிறாள், ஏணி ஆடுகிறது என்றாள். மனைவி விழுந்தால் யார் பொறுப்பு? ஓடினேன். ஏணியைப் பிடித்தேன், குழாய் வாயை அடைத்தேன், நான்தான் இஞ்சினியர் என்பதால் அடைத்ததை எடுத்துத் திரும்பவும் சரியாக அடைத்தேன்.

தெருவுக்குத் திரும்பி வந்து பார்த்தால், கடவுளே, ஐந்து கார்.

பிளாக்டவுனும் செவன் ஹில்ஸும் திரண்டு வந்திருந்தன. காட்டு முனை வட்டத்தில், கோயில் திருவிழாவுக்கு வந்ததுபோல வரிசையாக, ஒன்றையொன்று இடிக்காமல் மிகவும் கவனமாக நிற்பாட்டியிருந்தார்கள். பெண்கள் பவளத்தைச் சுற்றி, "ரேடியோவிலை கேட்ட உடனை வெளிக்கிட்டனாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இடுப்பில் கை வைத்துப் புகையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்று தர்க்கம். மச்சாளின் கையில் துணி கட்டிய சோற்றுச் சட்டி. நான் பீலியோடு மினக்கெட்ட நேரத்துக்குள் பவளம், நெருப்புக்கு என்று தொட்டியில் நிரப்பிய தண்ணீரில் மொண்டு கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டாள். பழஞ்சீலையை மாற்றவும் நேரம் கண்டுபிடித்திருந்தாள்.

"அண்ணை, காரை எடுங்கோ. இஞ்சை நிப்பாட்டக் கூடாது" என்றேன்.

"எடுப்பம், எடுப்பம். முதல் நீர் ஒரு வாய் சாப்பிடும். முகமெல்லாம் வாடிக் கிடக்கு" என்றார் சிவலிங்கம் அண்ணை.

அந்த நேரம் டொரீன் வீட்டு வேலிக்குப் பின்னால் மரங்களின் நுனியில் நெருப்பு தெரிந்தது. சாம்பல் பறந்து வந்து எங்கள் தலையில் விழுந்தது. தெரு முனையில் லொறியின் ஹோர்ன். ரெக்ஸ் தலையை வெளியே நீட்டி, வட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டொரீனை ஏற்றிய காரும் வெளியே வர வழியில்லாமல் கடைசியில் நின்றது. பின்கண்ணாடிக்குள்ளால் அந்த மனுசியின் வெள்ளைத் தலை தெரிந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சிவலிங்கம் அண்ணையின் கார் பொனற்றில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன்.

"போங்கோ! எல்லாரும் போங்கோ! ஆர் உங்களை இஞ்சை வரச் சொன்னது?"

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, ஒரு ஆபத்தெண்டு கேள்விப்பட்டும் வீட்டிலை கிடக்கச் சொல்லுறீரோ?"

"ஓம். கிடவுங்கோ. வரவேண்டாம். இப்ப காரை எடுங்கோ!"

எடுத்தார்கள். ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்து, டொரீனின் காருக்கு வழி விட்டு, லொறிக்கு வழி விட்டுப் போனார்கள். மச்சாள் சோற்றுச் சட்டியைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் எங்கள் கேற்றடியில் வைத்துவிட்டு ஏறினார். ஒருவரும் எங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை. பவளம் இரண்டு கையிலும் கோப்பைகளோடு வாசலில் நின்றாள்.

லொறி உள்ளே போனது. டொரீனின் வேலியும் ஒரு கொட்டிலும் எரிந்தன, வீடு தப்பியது. எங்கள் வீடும் தப்பியது.

6

பின்னேரம் கரியும் வேர்வையுமாக ரெக்ஸின் ஆட்கள் எங்கள் மதிலோரம் இருந்தபோது பவளம் அந்தச் சட்டியை அவிழ்த்துப் பரிமாறினாள். மச்சாளின் உறைப்பான கத்தரிக்காய்க் குழம்பைத் தின்று, நெருப்புக்குள் நின்றவர்கள் இப்போதுதான் உண்மையாகக் கண்ணீர் விட்டார்கள். ரெக்ஸ் மூன்றாம் முறையும் வாங்கித் தின்றுவிட்டு, "உங்கள் மைத்துனருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லத்தான் போனேன். அடுத்த ஞாயிறு செவன் ஹில்ஸுக்குப் போய் அண்ணையின் முன்னால் நின்று மன்னிப்பும் கேட்டேன். கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார்.

"ஒரு பிழையும் இல்லை. நீங்கள் உங்கட கடமையைச் செய்தனீங்கள்" என்றார்.

எத்தனையோ வருடமாக என்னை 'நீர்' என்று உரிமையோடு பேசியவர் 'நீங்கள்' என்றார். ஏசியிருக்கலாம், நாலு வார்த்தை கூடுதலாகவே ஏசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு கோயில் பூசைக்கென்று யாரோ வீட்டுக் கராஜில் கூடும்போது காண்போம். சிரிப்பார். வாசுகியின் படிப்பு பற்றிக் கேட்பார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. அவர் வராததால் மற்றவர்களும் வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பவளம் ரெலிபோனில் அவரோடு கதைப்பாள். "எப்ப அண்ணை இஞ்சாலை வாறியள்?" என்று தொடக்கத்தில் கேட்டவள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

என்னை அவள் ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள், "நீங்கள் செய்தது சரி. டொரீன் உயிரோடை இருக்கிறா. ஆனால் எனக்கு இந்த நாட்டிலை அண்ணை ஒராள்தான் இருந்தவர்" என்றாள். வெங்காயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதி.

7

இந்த வருடக் கூட்டத்துக்கு நானும் அரைக் காற்சட்டையோடு போனேன். ரெக்ஸ் வேலை பிரிக்கும்போது முதலில் என் பெயரைச் சொன்னார், "தெரு இவருடையது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பழைய ஆளாக இருந்திருந்தால் அன்று இரவே எல்லாத் தமிழ் வீட்டுக்கும் ரெலிபோன் போயிருக்கும்.

போன கிழமை மீண்டும் மேற்குக் காற்று. கோடை வர முன்பே காடு காய்ந்து கிடந்தது. ரேடியோவில் எங்கள் இடத்தின் பெயரைச் சொன்னார்கள், செய்திக்குச் செய்தி சொன்னார்கள். பிளாக்டவுனிலும் செவன் ஹில்ஸிலும் கேட்காமல் இருந்திருக்க முடியாது. டொரீனை முதலிலேயே கொண்டுபோய்விட்டார்கள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது குசினிக்குள் பெரிய சட்டியில் சோறு கொதித்தது. மூன்று பேருக்கு அவ்வளவு அரிசி என்னத்துக்கு என்று கேட்கவில்லை. பவளம் நல்ல பருத்திச் சீலை ஒன்று உடுத்தியிருந்தாள்.

தெரு முனையில் போய் நின்றேன். இந்த முறை என்ன சொல்வது என்று யோசித்தே வைத்திருந்தேன். அண்ணை, வந்ததுக்குப் பெரிய உபகாரம், பெரிய ரோட்டிலை காரை விட்டிட்டு நடந்து வாங்கோ, பவளம் சோறு வைச்சிருக்கிறாள். ஆங்கிலத்தில் நேர்முகத்துக்குப் பாடமாக்குவதுபோல மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பெரிய ரோட்டில் தூரத்தில் ஒரு கார் வேகம் குறையும்போதெல்லாம் என் கை கொடியோடு தானாக எழும்பியது. எல்லாம் நேரே போய்விட்டன. திருப்பி அனுப்புவதற்காவது ஒரு கார் வராதா என்று நான் நின்றேன்.

லொறி தடையில்லாமல் உள்ளே போனது, தடையில்லாமல் வட்டத்தில் திரும்பி வந்தது. காட்டு ஓரத்திலேயே நெருப்பை மடக்கிவிட்டார்கள். ரெக்ஸ் என் அருகில் லொறியை நிறுத்தி, தோளில் தட்டினார்.

"பிரமாதம், மேற். ஒரு கார்கூட இல்லை."

"தாங்க்ஸ்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பவளம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆரும் வந்தவையோ?"

"இல்லை" என்றேன். "தெரு நல்ல கிளியர்."

அவள் உள்ளே போய், மூன்று தட்டு எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.